அறுபத்து நான்கு முறை கூப்பிட்ட ஆல்பம்

சரோஜா டீச்சரின் கொண்டை அவிழ்ந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

ஜொகூரின் உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் ஹிப்ஹாப் குழுவான ‘பதிமூணாங்கட்டை’யின் இரண்டாவது ஆல்பம் வெளியீடு. எட்டு மின்விசிறிகளில் மூன்று ஓடவில்லை. பின்பக்கத்திலிருந்து மீகூன் பிரட்டுகிற வாசனை வந்துகொண்டிருந்தது. மேடையில் நான், தினேஷ், பிரேமா. ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு ஒலிபெருக்கியில் அதிர்ந்துகொண்டிருந்தது.

முன்வரிசையில் பிரேமாவின் அம்மா, சரோஜா டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் காலைச் சபை கூடலுக்கு நின்று பழகிய முதுகு, நாற்காலியில் சாயாது. ஒரு முடி கலைந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கொண்டை அவிழ்ந்தது. பிறகு ஒரு செருப்பு பறந்தது. பிறகு நாற்காலி விழுந்தது.

“டேய்! எவன்டா என்னைக் கூப்பிட்டது?”

டீச்சர் குரல் இல்லை அது. லாரி எஞ்சின் குரல். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும், எங்கள் சொந்த ரசிகர்கள் உட்பட, ஒரே நேரத்தில் கையை நீட்டி எங்கள் மூவரையும் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு இப்படி ஓர் ஒற்றுமையான அடையாளம் கிடைப்பது அபூர்வம்.

அறிவிப்பாளர் கூட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். “அம்மாவுக்குச் சற்று உடல்நலம்...” என்று ஆரம்பித்தார். டீச்சர் மைக்கைப் பிடுங்கினார்.

“சுருட்டு எங்கடா?”

மண்டபத்தில் நான்கு மொழிகளில் ‘புகை பிடிக்காதீர்’ என்று எழுதியிருந்தது. சுருட்டுக்கு எங்கே போவது? ஜொகூரில் வேப் என்கிற மின்சிகரெட் விற்கக் கூடாது. ஆனால் வைத்திருப்பவர்கள் வைத்திருக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் ரசிகன் ஒருவன் பயபக்தியோடு, இரண்டு கையாலும், தன் வேப்பை நீட்டினான். சாமி ஓர் இழுப்பு இழுத்தது. இருமியது. மாம்பழ வாசனை முன்வரிசை முழுக்கப் பரவியது.

“என்னடா இது? பழக்கடையா?”

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. தினேஷ் மடிக்கணினியின் மேல் விரலை வைத்தபடி சிலையாகியிருந்தான்.

“நிறுத்துடா!” என்றேன்.

“நடுவுல நிறுத்துனா சாமி கோவிச்சுக்கும்லா!”

“நிறுத்தாட்டியும் கோவமாத்தான்டா இருக்கு!”

கடைசியில் பிரேமாதான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. டீச்சர் மகளின் தோளில் சரிந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“நாலாவது பாட்டு முடிஞ்சிருச்சா?”

பிரேமாவின் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது. அப்புறம் டீச்சர் தோளில் கிடந்த தன் முடியைப் பார்த்தார். தன்னை நோக்கி உயர்ந்திருந்த முப்பது நாற்பது கைப்பேசிகளைப் பார்த்தார். கொண்டையைக் கட்டிக்கொண்டார். கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு வெளியே நடந்தார்.

பதினொரு கோபங்கள்

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் சேகர், உலு திராமில் டயர் கடை வைத்திருப்பவன். தினேஷ் ஜொகூர் பாருவில் குளிரூட்டி பழுது பார்ப்பவன், எங்கள் தாளங்களுக்கு அவன்தான் பொறுப்பு. பிரேமா தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவள். எங்களில் நன்றாக எழுதுகிறவள் அவள். பாலத்து நெரிசலில் தலைக்கவசத்துக்குள்ளேயே வரிகளை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொள்வாள்.

முதல் ஆல்பத்தில் பதினொரு பாட்டு. பதினொன்றிலும் கோபம். டோல் மேல் கோபம், முன்னாள் காதலி மேல் கோபம், வாடகைக்கு வீடு தராதவர் மேல் கோபம். இளைஞர்களுக்குப் பிடித்துப்போனது. பசார் மாலாம் இரவுச் சந்தை ஓரத்தில் நிற்கிற கார்களிலெல்லாம் என் குரல் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, டயர் மாட்டும்போதுகூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். நட்டு தெரியாமல் ஒருவர் காரில் நான்கு மாட்டவேண்டிய இடத்தில் மூன்று மாட்டி அனுப்பியதோடு அந்தக் கண்ணாடி போயிற்று.

சரோஜா டீச்சர் அந்த ஆல்பத்தைப் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து அரைப் பாட்டு கேட்டிருக்கிறார். அவருடைய விமர்சனம் பிரேமா மூலமாக எனக்கு வந்து சேர்ந்தது.

“பதினாலு கெட்ட வார்த்தை. அதுல ரெண்டு அந்த இடத்துக்கே பொருந்தல.”

திரும்பக் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான், இரண்டு பொருந்தவில்லை.

பிரேமாவின் அப்பா லாரி ஓட்டுநராக இருந்தவர், அவள் படிக்கிற காலத்திலேயே தவறிப்போனார். அதைப் பற்றி அம்மாவும் மகளும் ஒரு நாள்கூட உட்கார்ந்து பேசியதில்லை. பேச முடியாததைப் பிரேமா பாட்டாக எழுதினாள். இரண்டாவது ஆல்பத்தின் நான்காவது பாட்டு அதுதான். அம்மா கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. விருதோ மேடையோ எதுவும் வேண்டாம்.

மூன்று மாதம் கெஞ்சியபின் டீச்சர் ஒப்புக்கொண்டார். “ஒரே ஒரு தடவை வர்றேன். முழுசா உக்காந்து கேக்குறேன். புடிக்கலைன்னா புடிக்கலைன்னுதான் சொல்வேன்.”

வரிசையை முடிவு செய்தது தினேஷ். “மூணாவதுல கூட்டத்தைச் சூடேத்துறோம். நாலாவதுல பிரேமா பாட்டு. எல்லாரும் உருகிடுவாங்க பாரு.” நானும் தலையாட்டினேன். ஆட்டிய தலையைத்தான் பிறகு பல நாள் சுவரில் முட்டிக்கொண்டேன்.

செடெனாக்கில் மழை

அந்த மூன்றாவது பாட்டு எப்படி வந்தது என்று சொல்லாமல் கதை நகராது.

“உண்மையான உருமி வேணும்” என்று ஒரே பிடியாக நின்றான் தினேஷ். கணினிக்குள் இருக்கிற உருமி, தகர டப்பாவில் எலி ஓடுவதுபோல இருக்கிறதாம். ஆகவே செடெனாக் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிற ஒரு முனியாண்டி கோயிலுக்குப் போனோம். அங்கே மணி அண்ணன் என்பவரின் உருமிக் குழு. வாரநாட்களில் அவர் கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், ஞாயிறு வந்தால் தோளில் உருமி.

தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு மைக்கை வைத்தோம். மணி அண்ணன் ஆரம்பிக்குமுன் தெளிவாகச் சொன்னார்.

“தம்பி, இது சாமிய அழைக்குற அடி. இதை அடிச்சா, முடிவுல சாமிய மலையேத்தி விடுற அடியும் அடிக்கணும். ரெண்டையும் சேத்து எடுத்துக்குங்க.”

“சரிண்ணே,” என்றான் தினேஷ்.

அழைக்கிற அடி அபாரமாக வந்தது. முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை மேல் ஜொகூர் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுகிறவன் வாயசைவுதான் தெரியும், பதிவெங்கே செய்வது? “அலமாக்! மைக் நனையுது!” என்று எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு காருக்கு ஓடினோம். மணி அண்ணன் குழுவினர் மட்டும் சாரலுக்குள் நின்றபடி, ஏற்றி விடுகிற அடியை முறையாக அடித்து முடித்தார்கள். நாங்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து தினேஷ் அழைக்கிற அடியிலிருந்து சில நொடிகளை வெட்டி எடுத்தான். அதையே திரும்பத் திரும்ப ஒட்டினான். ஹிப்ஹாப்பில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒட்டியது அறுபத்து நான்கு முறை.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டு வாசலில் நின்று அறுபத்து நான்கு முறை மணியடிக்கிறோம். அவர் அவசர அவசரமாக இறங்கி வருகிறார். வந்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது. போய் வா என்று சொல்ல ஆளில்லை.

ஆன்மிகப் பக்கம்

வெளியீட்டு நாள் மாலைக்குள் அந்தக் காணொளி நாடு முழுக்கப் போய்விட்டது.

இரண்டாவது ஆல்பத்துக்கு எப்படி வரவேற்பு கிடைக்க வேண்டும் என்று நான் கனவு கண்டு வைத்திருந்தேன். வரிகளை அலசுவார்கள், வளர்ந்துவிட்டான் என்பார்கள். ஒரு நாளிதழ் எழுதத்தான் செய்தது. இசைப் பக்கத்தில் இல்லை, ஆன்மிகப் பக்கத்தில். ராசிபலனுக்குப் பக்கத்தில் என் படம். எங்கள் மூவரையும் ‘இளம் பக்தர்கள்’ என்று போட்டிருந்தார்கள்.

இணையத்தில் பாட்டுக்குக் கீழே கருத்துகள் குவிந்தன. “எனக்கு ரெண்டாவது நிமிஷத்துல உடம்பு சிலிர்த்துச்சு.” “எங்க சித்திக்கு வந்துருச்சு.” “எங்க பூனை எந்திரிச்சு ஓடிருச்சு.” என் வரிகளைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவன் நான். பூனைக்கு இருக்கிற மதிப்பு எனக்கில்லை.

வானொலியில் கேட்டுப் பார்த்தேன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் மறுத்தார். “பாட்டு அருமைங்க. ஆனா ஹைவேல கார் ஓட்டிக்கிட்டுக் கேக்குறவங்களுக்கு வந்துருச்சுன்னா? ஸ்டேரிங்க யாரு பிடிக்கிறது?”

ஜொகூர் பாருவில் ஒரு கல்யாண விருந்தில் பாட்டுப் போடுகிறவர் தெரியாமல் அதைப் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா மேடை ஏறி மணவறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றேகால் மணி நேரம் இறங்கவில்லையாம். எல்லாப் படத்திலும் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் சித்தப்பாதான் இருக்கிறார்.

பழைய ரசிகர்கள் என் கடைக்கே வந்து முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். “என்னண்ணே, பக்திப் பாட்டுக்குப் போயிட்டீங்க? பழைய ஆல்பத்துல எவ்ளோ நல்லாத் திட்டுனீங்க!”

ஆல்பம் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. வாங்கியவர்கள் உறையைப் பிரிக்கவில்லை. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கார்க் கண்ணாடியில் தொங்கவிட்டார்கள்.

வாசலில் வரிசை

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, சரோஜா டீச்சர் வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். கையில் எலுமிச்சம்பழம், சுருட்டுப் பொட்டலம். ஒருவருக்கு மகன் வேலை, ஒருவருக்கு மூட்டு வலி, பெரும்பாலானவர்களுக்கு நாலு நம்பர் லாட்டரி. முதல் நாள் டீச்சர் அவர்களை விரட்டத்தான் வெளியே வந்தார். நெரிசலைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், “தள்ளாதீங்க! வரிசையா நில்லுங்க!” என்று கத்திவிட்டார். சாமி உத்தரவு என்று அவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். அந்த வரிசை பிறகு கலையவே இல்லை.

அந்த மனுஷி வாழ்நாளில் அருள் வாக்கு, குறி எதையும் நம்பியவர் இல்லை. பிள்ளைகளிடம் பேய் இல்லை என்று சொல்லிக் கொடுத்தவர். இப்போது சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார். சந்தைக்குப் போகவில்லை. நூலகத்துக்குப் போகவில்லை. வெளியீட்டன்று கொடுத்த குறுந்தட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டார். எங்கள் பாட்டு எதுவும், எந்த ரூபத்திலும், வீட்டுக்குள் வரக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

பிரேமா ஒரு நாள் வேலை முடிந்து நேராக என் கடைக்கு வந்தாள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, நான் விலகிக்கிறேன்.”

“என்னம்மா இது...”

“அந்தப் பாட்டை யாருக்காக எழுதுனேனோ அவங்களை வீட்டுக்குள்ள பூட்டி வெச்சிட்டேன். இனிமே யாருக்குப் பாடுறது?”

அவள் இல்லாவிட்டால் பதிமூணாங்கட்டை இல்லை. எனக்கும் தினேஷுக்கும் அது நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதைவிட, அவள் குரல் உடைந்ததுதான் என்னைத் தாக்கியது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாளே தினேஷை இழுத்துக்கொண்டு செடெனாக் போனேன். நடந்ததையெல்லாம் கோயில் பூசாரி பொறுமையாகக் கேட்டார். போட்டுக் காட்டவா என்று தினேஷ் கைப்பேசியை எடுத்ததும் அலறிவிட்டார். “இங்க போடாத! இங்க போடாதப்பா!” பிறகு மெல்லக் கேட்டார். “எத்தனை தடவை வருது?”

“அறுபத்தி நாலு,” என்றான் தினேஷ், தரையைப் பார்த்துக்கொண்டு.

பூசாரி மணி அண்ணனைப் பார்த்தார். மணி அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

“ஒரு தடவை கூப்பிட்டாலே வர்றவருப்பா அவரு. அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க. ஒழுங்கா அழைச்சு, ஒழுங்கா ஏத்தி விடுவோம்.”

டீச்சரைக் கேட்க நானே போனேன். கேட்டைத் தொட்டதும் ஒரு அம்மா அதட்டினார். “தம்பி, வரிசைல வாங்க!” முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றபின், பிரேமா பார்த்துக் கேட்டைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

“எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, சேகர்.”

“எனக்கும் இல்ல டீச்சர்.”

“அப்புறம் எதுக்கு?”

“வெளிய நிக்கிறவங்களுக்கு இருக்கே. சாமி மலையேறிருச்சுன்னு கண்ணால பாத்துட்டா அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க.”

டீச்சர் சன்னல் இடுக்கு வழியாக வரிசையைப் பார்த்தார். ஒரு தலைமையாசிரியைக்கு இது புரிகிற நியாயம். சேலை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

ஏற்றி விட்ட அன்று

நாங்கள் ஒரு காரில் போனோம். வரிசை இருபது கார்களில் பின்னால் வந்தது.

கோயிலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீச்சரை உட்காரவைத்தார்கள். பிரேமா பக்கத்தில் நின்றாள். மணி அண்ணன் அழைக்கிற அடியை ஆரம்பித்தார். சாம்பிராணிப் புகை, வியர்வை, கூட்டத்தின் குலவை. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. டீச்சர் பரீட்சை மண்டபத்தைக் கண்காணிப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

பூசாரி குனிந்தார். “அம்மா, உடம்புல ஏதாச்சும் தெரியுதா?”

“கால் மரத்துப்போச்சு.”

உருமிக்காரர்கள் ஆள் மாற்றி அடித்தார்கள். அரை மணி நேரம் தாண்டியது. அப்போதுதான் என் பக்கத்தில் ஒரு மடிக்கணினிப் பை பொத்தென்று விழுந்தது. திரும்பினேன். தினேஷ் துள்ளிக்கொண்டிருந்தான். தீபாவளிக்குக்கூடக் கற்பூரம் ஏற்றாத தினேஷ், தோட்டமே அதிரக் கத்திக்கொண்டு, பூசாரி வேட்டியைப் பிடித்து, “சுருட்டுக் கொண்டாடா!” என்றான். இந்த முறை நிஜச் சுருட்டு இருந்தது. மொத்தம் நாற்பது பொட்டலம் இருந்தது.

ஒரு சுருட்டு முழுதாகப் புகைத்து, மணி அண்ணனின் ஏற்றி விடுகிற அடியை முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் அவன் கீழே விழுந்தான். எழுந்ததும் அவன் முன்னால் ஒரு வரிசை நின்றது. டீச்சர் பக்கம் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டுவலிக்காரர் அவனிடம் ஏற்கெனவே முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, காப்பாத்துங்கண்ணே!” என்றான் தினேஷ். நான் காப்பாற்றவில்லை. அறுபத்து நான்கு முறை ஒட்டியவன் அவன்தானே.

டீச்சரும் பிரேமாவும் நானும் செம்பனை நிழலுக்கு ஒதுங்கினோம். டீச்சர் அங்கே கிடந்த ஒரு கட்டையில் உட்கார்ந்து மரத்துப்போன காலை நீவிக்கொண்டார். பிறகு மகளைப் பார்க்காமலேயே கேட்டார்.

“அந்த நாலாவது பாட்டு. அதைக் கேக்கத்தானே அன்னிக்கு வந்தேன்.”

“ஃபோன்ல இருக்கும்மா. போடவா?”

“ஃபோன் வேணாம். நீ பாடு.”

தாளம் இல்லை, மைக் இல்லை. பிரேமா தொடையில் விரலைத் தட்டிக்கொண்டு, பாலத்து நெரிசலில் முணுமுணுப்பதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள்.

“அப்பா போன மறுவாரம் அம்மா வேலைக்குப் போனாங்க
மணி அடிச்சாங்க, கொடி ஏத்துனாங்க, பேரு வாசிச்சாங்க
எங்க வீட்டுல மட்டும் ஒரு தட்டு கழுவாம காஞ்சிருந்துச்சு
அம்மா அழவே இல்ல, ரெண்டு பேருக்கும் சேத்து நான் அழுதேன்”

இன்னும் நிறைய வரிகள் உண்டு. முழுவதும் பாடி முடித்தாள். டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு தப்பு இருக்கு,” என்றார்.

பிரேமா சுருங்கிப்போனாள். “என்னம்மா?”

“அழவே இல்லைன்னு எழுதியிருக்க. ஸ்கூல் டாய்லெட்ல பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுவேன். தினமும், ரீசெஸ் நேரத்துல. ஒரு மாசத்துக்கு மேல. தண்ணி ஏன் இவ்ளோ ஓடியிருக்குன்னு மேலிடத்துல இருந்து கடுதாசி வந்துச்சு.”

பிரேமாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “என்னம்மா பதில் எழுதுனீங்க?”

“பைப்பு ஒழுகுதுன்னு எழுதுனேன். முப்பது வருஷ சர்வீஸ்ல அந்த ஒரு பொய்தான்.”

“அந்த வரியை மாத்திடவாம்மா?”

“மாத்தாத. உனக்குத் தெரிஞ்சது அதுதானே. அதுக்கு அடுத்த வரியா இதையும் சேத்து எழுது,” என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, எங்கள் முன்னாலேயே, எந்தக் குழாயையும் திறந்து விடாமல், அழுதார்.